கேமரன் மலைச் சாலையில் ஒரு பிக்-அப் பாடம்



கேமரன் மலைக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். பிள்ளைகளையும் கம்பளிச் சட்டைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஸ்ட்ராபெரி பறிக்கிறோம். அவித்த சோளம் தின்கிறோம். திரும்பும்போது முட்டைக்கோசும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கிக் காரின் பின்புறத்தை நிரப்பிக்கொண்டு இறங்குகிறோம்.

அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். பூவையும் காயையும் பார்ப்பதற்கு முன்னால், அவற்றைச் சுமந்துகொண்டு இறங்கும் வண்டிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எந்த வண்டி எதை ஏற்றுகிறது, எந்த வளைவில் திணறுகிறது, எது வெறுமனே ஊர் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். 'ஒரு பிக்-அப் வாங்கிவிடலாமா?' என்ற பேச்சு உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தால், விற்பனைக் கடையில் கிடைக்காத பாடம் அந்தச் சாலையில் காசு செலவில்லாமல் கிடைக்கும்.

இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த நம்மவர்கள் பலர், வாரத்தில் ஐந்து நாள் பட்டணத்தில் வேலை செய்கிறார்கள். சனி ஞாயிறுகளில் கொஞ்சம் நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். அல்லது செம்பனைக் குலை ஏற்றுகிறார்கள். அல்லது இரவுச் சந்தையில் கடை விரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமானதுதான். வேலைக்கும் போக வேண்டும், சுமையும் ஏற்ற வேண்டும், எண்ணெயும் குறைவாகக் குடிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்குமா?

என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதே கேள்விதான். அவர் குடியிருப்பது தாப்பாவில், வேலை ஈப்போவில். சனிக்கிழமைகளில் ரிங்லெட்டிலிருந்து காய்கறி இறக்கிப் பீடோர் பக்கத்தில் விற்கிறார். புதிய டபுள் கேப் ஒன்றின் மீது அவருக்கு ஆசை வந்துவிட்டது. முன்பணத்துக்குக் கைவைக்க இருந்தது, மகள் பல்கலைக்கழகம் போவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில்! தங்கை என்னிடம் வந்து கண்கலங்கினாள். "அண்ணே, நான் சொன்னால் சண்டையாகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள். வீட்டில் உட்கார்ந்து வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "மாப்பிள்ளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை மலைக்குப் போய் வருவோம்" என்றேன். 2024-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் கிளம்பினோம். நீங்களும் கூடவே வாருங்கள்.

தாப்பா: ஏற்றம் தொடங்கும் இடம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் சாலை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏறுகிறது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் 1930-களின் தொடக்கத்தில் இந்தச் சாலை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் மலைக்கு ஊர் என்ற உருவம் வந்தது. அன்றுமுதல் இன்றுவரை இது சுமைச் சாலைதான்.

லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. சாலையோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருப்பார்கள். இந்த ஏற்றத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டன் எடையுள்ள பொருளைத் தாப்பாவிலிருந்து தானா ராத்தா உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், எஞ்சினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான டீசல் எரிய வேண்டும். காற்றைக் கிழிப்பதற்கும் டயர் உருள்வதற்கும் ஆகும் எண்ணெய் வேறு. இப்போது இதைக் கவனியுங்கள்: நாற்சக்கர இயக்கமுள்ள ஒரு டபுள் கேப் பிக்-அப், தொட்டியில் ஒரு முட்டைக்கோசுகூட இல்லாமல், தானே ஏறக்குறைய இரண்டு டன் எடை. நம் ஊர்ச் சிறிய கார் ஒன்று ஏறக்குறைய ஒரு டன்தான்.

அதாவது, பிக்-அப் வாங்கியவர் சுமை ஏற்றாத நாளிலும் சுமை ஏற்றிக்கொண்டுதான் போகிறார். அந்தச் சுமை வண்டியின் சொந்த உடம்பு! மலையில் மட்டுமா? பட்டணத்தில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்த இரண்டு டன்னை நிறுத்தி நிறுத்தித்தான் மறுபடி கிளப்ப வேண்டும். எண்ணெய்ச் சிக்கனம் என்ற பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் கணக்கில் அல்ல.

ரிங்லெட்: சுமை இறங்கும் ஊர்

பேராக் மாநிலம் முடிந்து பகாங் தொடங்கிய சிறிது தூரத்தில் ரிங்லெட். காலையில் போனால் லோரிகளில் கூடை கூடையாகக் காய்கறி ஏறுவதைப் பார்க்கலாம். அங்கே தேநீர்க் கடையில் நம்மவர் ஒருவர், வயது அறுபது இருக்கும், காய்கறி வண்டி ஓட்டுபவர், எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை அவரிடம், "அண்ணே, இந்த ஏற்றத்துக்கு எத்தனை சிசி எஞ்சின் வேண்டும்?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, ஏறும்போது என் வண்டியில் வெறும் கூடைதான். சுமை இறங்கும்போதுதான் இருக்கிறது. எஞ்சினைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை" என்றார்.

எவ்வளவு உண்மை! மலையில் விளைவது கீழே போகிறது. மேலே போவது உரமும் மளிகையும்தான். இரண்டு டன் வண்டியில் முக்கால் டன் காயை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிவிடும். சூடேறினால் பிடிப்புக் குறையும். அனுபவமுள்ளவர்கள் எந்தக் கியரில் ஏறுவார்களோ அதே கியரில் இறங்குவார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இப்படி இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், இக்கால எஞ்சின்களில் எண்ணெய் செலுத்துவதே நின்றுவிடுகிறது. பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, சிக்கனத்துக்குச் சிக்கனம். சிலர் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அது உயிரோடு விளையாடும் விளையாட்டு. அதில் மிச்சமும் இல்லை.

சுமை எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஒரு டன் பிக்-அப்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வண்டியின் பத்திரங்களிலும் லோரிகளின் பக்கவாட்டிலும் இரண்டு எடைகள் இருக்கும்: 'பெராட் தன்ப்பா முவாத்தான்' என்பது வெறும் வண்டியின் எடை, 'பெராட் டெங்கான் முவாத்தான்' என்பது சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். வருவதில் ஓட்டுநர், பக்கத்தில் உட்காருபவர், பின் இருக்கையில் பிள்ளைகள், அத்தனை பேர் எடையையும் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் காய்கறிக்கு. கதவும் இருக்கையும் அலங்காரமும் கூடக்கூட இந்த மிச்சம் குறைந்துகொண்டே வரும். சிங்கிள் கேப்பில் தொட்டி நீளம். சுமக்கும் அளவும் பெரும்பாலும் அதிகம். டபுள் கேப்பில் ஆளுக்கு இடம் அதிகம், தொட்டி குட்டை. எது உங்களுக்குத் தேவை என்பதை ஏற்றப்போகும் பொருளை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆளுக்கு இடம் போதவில்லையென்று பின் தொட்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் லோரியில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். தொழிலாளர்களும் அப்படித்தான் போனார்கள். வேறு வழியில்லாத காலம் அது. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

தானா ராத்தா, பிரிஞ்சாங்: பட்டணத்துப் பாடம்

ரிங்லெட் ஏரியைத் தாண்டி மேலே ஏறினால், 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை வருகிறது. அந்த மலைச்சரிவுகளை வெட்டித் திருத்திய கைகளில் நம் முன்னோர் கைகள் எத்தனை எத்தனை! அதைத் தாண்டினால் தானா ராத்தா. சற்று மேலே பிரிஞ்சாங்.

விடுமுறை நாளில் பிரிஞ்சாங்கில் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டபுள் கேப் பிக்-அப்பின் நீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர். மைவி போன்ற ஒரு சிறிய கார் 3.9 மீட்டர். இந்த 1.4 மீட்டர் வித்தியாசம் பத்திரிகையில் படிக்கும்போது சிறிதாகத் தெரியும். கடை வரிசையில் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். மாப்பிள்ளை அன்று எண்ணிக்கொண்டே வந்தார். அவர் ஆசைப்பட்ட அதே வகை வண்டிகள் பிரிஞ்சாங்கில் ஏராளம். பெரும்பாலானவற்றின் தொட்டி துடைத்துவிட்டது போலக் காலி.

சுமை இல்லாத பிக்-அப் வேறொரு குணமும் காட்டும். சுமை தாங்குவதற்காகப் பின்னால் தடித்த பட்டை வில்கள் வைத்திருப்பார்கள். தொட்டி காலியாக இருந்தால் அவை மசியாது. வண்டி குதித்துக்கொண்டு போகும். எடையெல்லாம் முன்பக்கம் இருப்பதால், மழை நாளில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். தினமும் வேலைக்குப் போகிறவரும், வயதான அப்பா அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவரும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் முன்னால் உட்காராதீர்கள். அம்மாவைப் பின் இருக்கையில் ஏற்றிப் பாருங்கள். ஏறவே சிரமப்படுகிறாரா என்று அப்போது தெரிந்துவிடும்.

கம்போங் ராஜா: நாற்சக்கரம் யாருக்கு?

பிரிஞ்சாங்கைத் தாண்டி திரிங்காப், கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜா போகும் வழியெங்கும் காய்கறித் தோட்டங்கள். பிளாஸ்டிக் கூரைகள் மலைச்சரிவெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்கின்றன. இங்கேதான் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்கலாம். கதவு ஒரு நிறம், முன்பக்கம் ஒரு நிறம், கூரைக்குப் பதிலாகத் தார்ப்பாய்; ஆனாலும் கூடைகளைச் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த வண்டி வகை அது. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு இந்த மலைக்கு வரமாக வந்தது. ஈரத்தில் உடம்பு எஃகு போலத் துரு ஏறிப் போவதில்லை. அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி 2016-ஆம் ஆண்டு சனவரியில் நின்றுபோனது. மலையில் ஓட்டம் நிற்கவில்லை.

இந்தப் பாதைகளில் நாற்சக்கர இயக்கம் ஆடம்பரம் அன்று, பிழைப்பு. மழை பெய்த மறுநாள் இரண்டு சக்கர வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் பறித்த கீரை அங்கேயே வாடிவிடும். அத்தகைய தோட்டக்காரர் 'ஃபோர் வீல்' வாங்குவதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

ஆனால் நாம் எத்தனை நாள் சேற்றில் ஓட்டுகிறோம்? நாற்சக்கர இயக்கத்துக்கென்று கூடுதலான பற்சக்கரப் பெட்டியும் அச்சுகளும் வண்டியின் அடியில் இருக்கின்றன. பயன்படுத்தாத நாளிலும் அவை எடைதான். அவற்றுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும். பெரும்பாலான பிக்-அப்களில் நான்கு சக்கரத்தையும் காய்ந்த தார்ச்சாலையில் பூட்டி ஓட்டவும் கூடாது, பற்சக்கரங்களுக்குக் கேடு. தார்ச்சாலை விட்டு இறங்காதவருக்கு, கிடைத்தால் இருசக்கர இயக்கமே போதும். செம்பனைத் தோட்டத்துக்குள் மழைக்காலத்திலும் போய்க் குலை எடுக்க வேண்டியவர் மட்டும் கூடுதல் பணம் கொடுத்து நாற்சக்கரம் வாங்கட்டும்.

எஞ்சின் விஷயத்திலும் அப்படித்தான். இன்று 1.9 லிட்டர் டீசல் எஞ்சினே 150 குதிரைச் சக்தி தருகிறது. அரை டன், முக்கால் டன் சுமைக்கு அது தாராளம். மூன்று லிட்டர் எஞ்சின் இன்னும் எளிதாக இழுக்கும் என்பது உண்மை. இழுவை வண்டி பூட்டி நாள்தோறும் மலையேறுகிறவருக்கு அது பொருந்தும். வாரத்துக்கு ஒரு நாள் காய்கறி ஏற்றுபவருக்கு அது, ஒரு குடம் தண்ணீர் எடுக்க லோரித் தொட்டி கொண்டுபோன கதை!

சிம்பாங் பூலாய் இறக்கம்: கணக்குப் போட்ட இடம்

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை அகலமானது; வளைவுகளும் தாப்பாச் சாலையைப் போல நெருக்கமில்லை. வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். "நீங்களே எழுதுங்கள்" என்றேன். அவர் எழுதிய கணக்கை உங்களுக்கும் காட்டுகிறேன்.

தாப்பாவிலிருந்து ஈப்போ போய் வர நாளுக்கு 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். மாதம் 22 நாள் வேலை. ஆக 2,420 கிலோமீட்டர். டபுள் கேப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடினால் 220 லிட்டர் டீசல்.

தீபகற்பத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் வரை டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 சென். அந்த விலையில் 473 வெள்ளி. அந்த நாளில் பொதுவான உதவித்தொகை விலக்கப்பட்டு 3 வெள்ளி 35 சென் ஆனது. அந்த விலையில் 737 வெள்ளி. அவரிடம் ஏற்கெனவே இருந்த சிறிய கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும். அதற்கு ஏறக்குறைய 151 லிட்டர் பெட்ரோல். அப்போதைய 95 பெட்ரோல் விலை 2 வெள்ளி 5 சென். மொத்தம் 310 வெள்ளி.

வித்தியாசம் மாதம் 427 வெள்ளி! ஆண்டுக்கு 5,124 வெள்ளி. தகுதி பெற்றவர்களுக்கு அரசாங்கம் 2024-இல் தொடங்கிய புடி மடானி உதவி அப்போது மாதம் 200 வெள்ளி. அது கிடைத்தாலும் 227 வெள்ளி இடிக்கும். இதற்கு மேல் தவணை. 100,000 வெள்ளிக் கடனை ஒன்பது ஆண்டுகளில் கட்டினால், வட்டியைச் சேர்க்காமலே மாதம் 926 வெள்ளி ஆகிறது. வட்டியைச் சேர்த்தால் சொல்லவும் வேண்டுமோ?

மாப்பிள்ளை காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், மாதத்தில் நாலே நாலு சனிக்கிழமைக்காக, இருபத்திரண்டு நாளும் இரண்டு டன்னை ஈப்போவுக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறேன்" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

முடிவில் அவர் வேலைக்குப் பழைய காரையே வைத்துக்கொண்டார். சனிக்கிழமைக்கு மட்டும், கையிருப்புக்கு அடங்கிய விலையில் ஒரு பழைய சிங்கிள் கேப் வாங்கினார். மகளின் பணம் மகளின் படிப்புக்கே போயிற்று. ஆசைப்பட்ட வண்டி கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்குச் சிறிது இருக்கத்தான் செய்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் தங்கை வீட்டில் சண்டை ஓய்ந்தது.

எல்லாருக்கும் இதே விடை என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் வேலை இருப்பவரைப் பாருங்கள். அவருக்கு மாதம் 440 கிலோமீட்டர்தான். அதே விலையில் பிக்-அப்புக்கு 134 வெள்ளி, காருக்கு 56 வெள்ளி. வித்தியாசம் 78 வெள்ளி. அவர் வாரத்தில் மூன்று நாள் சுமையும் ஏற்றி, காரை விற்றுவிட்டு ஒரே வண்டியாக வைத்துக்கொண்டால், டபுள் கேப் அவருக்கு நல்ல வண்டிதான். இரவுச் சந்தை வியாபாரிக்கோ, தட்டையான சாலையில் ஓட டைஹாட்சு கிரான் மேக்ஸ் போன்ற சிறிய பெட்ரோல் பிக்-அப் போதும். நம் நாட்டிலேயே புரோட்டோன் நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் அரேனா என்ற சிறிய பிக்-அப்பை வெளியிட்டதே, நினைவிருக்கிறதா? 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கார் போலவே ஓடும். நம்மில் பலருக்கு வேண்டிய அளவு அதுதான். அது இப்போது பழைய வண்டிச் சந்தையில் மட்டுமே.

எண்ணெய் விலை மாறிக்கொண்டே இருப்பது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு 95 பெட்ரோல், அளவு வரம்போடு, 1 வெள்ளி 99 சென்னுக்கு வந்தது. டீசலும் ஏறி இறங்கியிருக்கிறது. ஆகவே என் விலையை எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டு, நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

மலைப்பகுதியில் உழைத்த பிக்-அப் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் குனிந்து பார்த்து வாங்குங்கள். உரமும் கோழிச்சாணமும் சுமந்த வண்டியின் தொட்டிக்கு அடியில் சட்டம் துரு ஏறியிருக்கும். மேலே புதுச் சாயம் பளபளக்கும். கீழே சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். பட்டை வில் வளைவு போய்த் தட்டையாகிவிட்டதா, ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பின் அச்சின் எண்ணெயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நாற்சக்கர வண்டியென்றால், மண் தரையில் அதைப் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே கிளப்புங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள்.

பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் சோதனை சட்டத்துக்கானது. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, சொந்த உபயோகமா சரக்கு வண்டியா என்பதையும் ஜே.பி.ஜே.யில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலை வரியும் காப்புறுதியும் சோதனையும் அதைப் பொறுத்தவை.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. நம் நாட்டுச் சாதாரண டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலக்கப்படுகிறது. நம்மவர்கள் வெட்டிய குலையும் உங்கள் தொட்டியில் எரிகிறது என்று பெருமைப்படலாம்! ஆனால் இந்தக் கலவை ஈரத்தை இழுக்கும். பழைய தொட்டியின் அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும். பழைய வண்டி வாங்கியதும் எண்ணெய் வடிகட்டியை மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால் தொட்டியைக் காலியாக விடாதீர்கள்.

ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்

நிறைவாக ஒரு வேண்டுகோள். கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் காத்திருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வீட்டு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், எத்தனை பேர் போனீர்கள், என்ன சுமை, எத்தனை கிலோ, தார்ச்சாலையா மண் பாதையா என்று எழுதுங்கள். சுமைக்காக லோரி வாடகைக்கு எடுத்திருந்தால் அந்தத் தொகையையும் எழுதுங்கள். இப்போதைய வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய, ஒருமுறை தொட்டி நிரம்ப எண்ணெய் ஊற்றிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பம்பில் நிரம்ப ஊற்றி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும்.

மாத முடிவில் அந்தப் பக்கத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு எந்த வண்டி வேண்டும் என்பதை விற்பனையாளரைவிட, அண்டை வீட்டுக்காரரைவிட, என்னைவிட, அது சரியாகச் சொல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சேற்றுக்காக வண்டி வாங்குவதா, அல்லது முந்நூறு நாள் ஓடும் சாலைக்காக வாங்குவதா என்பது அப்போது விளங்கும். எது வாங்கினாலும், இறங்கும்போது கியரைக் குறைத்து, சுமையை இறுக்கிக் கட்டி, நலமாக வீடு வந்து சேருங்கள்.